வாடகை உதவியைத் தின்னும் மாணவர் கடன்

அக்டோபர் பிறந்ததும் இங்கிலாந்தில் பல வீடுகளில் ஒரே குழப்பம் எழுகிறது. குறைந்த வருமானமுள்ள வீடுகளுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை, செப்டம்பர் வரை மாதம் தவறாமல் வந்தது, திடீரென்று பாதியாகச் சுருங்கியிருக்கும். வீட்டு வாடகை மாறவில்லை. புதிதாக வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. மாறியது ஒன்றுதான்: வீட்டில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறார், படிப்புக் காலத்தை ஓட்ட அரசிடம் மாணவர் கடன் வாங்கியிருக்கிறார். மாதக் கணக்கறிக்கையைத் திறந்து பார்த்தால், கழித்துக்கொண்ட தொகைகளின் வரிசையில் அந்தக் கடன் 'வருமானம்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

திருப்பிக் கட்ட வேண்டிய கடன் எப்படி வருமானம் ஆகும்? கேட்பவருக்கு இது நியாயமான கேள்வி. சட்டத்துக்கு இது 2013ஆம் ஆண்டின் யூனிவர்சல் கிரெடிட் விதிமுறைகளிலேயே தீர்ந்துபோன விஷயம். அந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு வாடகை உதவியின் கதவு திறக்கிறது, திறந்த பிறகு எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். இங்கே வரும் தொகைகள் இங்கிலாந்தில் 2025–26 ஆண்டுக்கானவை. யூனிவர்சல் கிரெடிட் விகிதங்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறுபவை. கணக்குப் போடும் முறை மாறுவதில்லை.

## வாடகை உதவி என்பது எது?

பேச்சில் எல்லாவற்றையும் 'பெனிபிட்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாடகைக்கு அரசு தரும் உதவி இன்று இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது.

முதலாவது ஹவுசிங் பெனிபிட். 1980களில் தொடங்கிய பழைய திட்டம். உள்ளூர் கவுன்சில் நடத்துவது. இன்று இது பெரும்பாலும் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கும், கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிகக் குடியிருப்பிலோ பராமரிப்புடன் கூடிய ஆதரவு இல்லங்களிலோ இருப்பவர்களுக்கும் மட்டுமே.

இரண்டாவது யூனிவர்சல் கிரெடிட். ஹவுசிங் பெனிபிட் உட்பட ஆறு பழைய உதவிகளை ஒன்றாகக் கட்டி 2013இல் கொண்டுவரப்பட்டது. உழைக்கும் வயதினர் வாடகை உதவி கேட்டால் அநேகமாக இதற்குத்தான் போக வேண்டும். இதில் வாடகைக்குத் தனி விண்ணப்பம் கிடையாது. ஆளுக்கு ஒரு அடிப்படைத் தொகை, பிள்ளைக்கு ஒரு தொகை, வாடகைக்கு ஒரு தொகை என்று கூட்டி, அந்த மொத்தத்திலிருந்து குடும்பத்தின் வருமானத்தைக் கழித்து, மிஞ்சியதை ஒரே தொகையாக மாதம் ஒருமுறை வங்கியில் போடுவார்கள். 'என் வாடகை உதவியைக் குறைத்துவிட்டார்கள்' என்று சொல்பவரின் வாடகைத் தொகை பல நேரங்களில் அறிக்கையில் அப்படியே இருக்கும். அடியில் உள்ள கழிவுதான் வளர்ந்திருக்கும்.

தனியார் வீட்டில் குடியிருந்தால் வாடகைத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு வட்டாரத்தின் வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தினால், நூறில் முப்பதாவதாக வரும் வீட்டின் வாடகைதான் அதற்கு அளவுகோல். 2024 ஏப்ரலில் அதைப் புதுப்பித்தார்கள். அடுத்த ஆண்டு அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். 35 வயதுக்கு உட்பட்டவர், தனியாள், பிள்ளை இல்லை என்றால் பொதுவாகப் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகை மட்டுமே.

## 1990இல் சாத்திய கதவு

இன்றைய விதிகள் விசித்திரமாகத் தோன்றினால் அவற்றின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1962ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம் கிடைத்துவந்தது. விடுமுறையில் வேலையில்லா உதவியும் வாடகைக்கு ஹவுசிங் பெனிபிட்டும் கேட்கலாம். அந்தத் தலைமுறை மாணவர்களுக்கு அது சாதாரண விஷயம்.

1990இல் மாணவர் கடன் சட்டம் வந்தது. லண்டனுக்கு வெளியே வீட்டைவிட்டுத் தங்கிப் படிப்பவருக்கு முதலாண்டுக் கடன் அதிகபட்சம் 420 பவுண்டு. அதே இலையுதிர் காலத்தில் முழுநேர மாணவர்களில் பெரும்பாலோர் ஹவுசிங் பெனிபிட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அரசு சொன்ன காரணம் எளிமையானது: மாணவர் செலவைக் கல்வித் துறையின் பணம் பார்த்துக்கொள்ளட்டும், சமூகநலப் பணம் வேண்டாம். அந்த வாதம் இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் அது சாய்ந்து நின்ற தூண் மாறிவிட்டது. மானியம் படிப்படியாக மறைந்தது. இடையில் 2004இல் ஒருமுறை திரும்பி வந்து, 2016இல் புதிய மாணவர்களுக்கு மறுபடியும் நின்றுபோனது. கல்வித் துறையின் பணம் என்று அன்று சொன்னது இன்று மாணவரின் சொந்தக் கடன்.

## முதல் கேள்வி: சட்டத்தின் கண்ணில் மாணவர் யார்?

யூனிவர்சல் கிரெடிட்டில் மாணவர் நிதி இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது. முதல் இடம் தகுதி, இரண்டாவது தொகை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் 'எனக்கு உரிமை இல்லை என்றார்கள்', 'இல்லை, உரிமை உண்டு, பணம்தான் வராது என்றார்கள்' என்று ஆளுக்கொரு கதை உலவுகிறது.

தகுதியில் பொதுவிதி: 'கல்வி பெறுபவர்' யூனிவர்சல் கிரெடிட் கோர முடியாது. பட்டப்படிப்பு போன்ற முழுநேர உயர்கல்வியில் இருப்பவர் இதில் அடங்குவார் என்பது எதிர்பார்த்ததே. பலர் கவனிக்காதது அடுத்த வரி. வாழ்க்கைச் செலவுக்கு மாணவர் கடனோ மானியமோ தரப்படும் முழுநேரப் படிப்பு எதுவானாலும், அது உயர்கல்வி இல்லையென்றாலும், அதில் சேர்ந்தவரும் 'கல்வி பெறுபவர்'தான். நிதி வந்து சேர்வதற்கு முன்பே, அப்படியொரு நிதி உண்டு என்பதே ஒருவரை மாணவராக்கிவிடுகிறது.

பகுதிநேரப் படிப்புக்கு அளவுகோல் வேறு. வேலை தேடுவதாக அவர் ஒப்புக்கொண்ட கடமைகளுக்குப் படிப்பு இடைஞ்சலா இல்லையா என்று பார்ப்பார்கள். இதில் அலுவலரின் முடிவுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஒரே படிப்புக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பதில் கிடைப்பதும் உண்டு.

## யாருக்கு விலக்கு?

பொதுவிதி சாத்திய கதவில் சில திட்டிவாசல்கள் இருக்கின்றன. முக்கியமானவை இவை:

1. பிள்ளைக்குப் பொறுப்பானவர். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயோ தந்தையோ முழுநேரம் படித்தாலும் கோரலாம். தம்பதியரில் இருவருமே மாணவர்கள், வீட்டில் பிள்ளை இருக்கிறது என்றாலும் கோரலாம்.

2. துணைவர் மாணவர் அல்லாதவர். கணவன் படிக்கிறார், மனைவி படிக்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் படிப்பவரின் கடன் இருவருக்கும் சேர்த்து வரும் தொகையிலிருந்து கழியும்.

3. உடல்நலக் குறைபாடு. பி.ஐ.பி. போன்ற மாற்றுத்திறன் உதவித்தொகை ஒன்றைப் பெறுபவராக இருக்க வேண்டும். கூடவே, 'வேலை செய்யும் திறன் குறைவு' என்ற அதிகாரபூர்வ முடிவு படிப்பைத் தொடங்குவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

4. பெற்றோர் ஆதரவு இல்லாத 21 வயதுக்கு உட்பட்டவர். ஆனால் பள்ளி மேல்நிலை அளவிலான படிப்புக்கு மட்டும். பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் இந்த விலக்கு போய்விடும். அரசுப் பராமரிப்பில் வளர்ந்து, திரும்பிப் போகப் பெற்றோர் வீடே இல்லாத பிள்ளைக்கும் இதே கதிதான்.

மூன்றாவதன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பி.ஐ.பி. பெறும் மாணவர் யூனிவர்சல் கிரெடிட் கேட்டால், 'திறன் குறைவு முடிவு இருக்கிறதா?' என்பார்கள். அந்த முடிவுக்கு மருத்துவ மதிப்பீடு வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் பெறுபவருக்குத்தான் அந்த வழியில் மதிப்பீடு நடக்கும். முடிவு இல்லாததால் இவருக்கு யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற பழமொழி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. இந்த வளையம் நீதிமன்றம்வரை போனது. அரசு 2020 ஆகஸ்டில் விதியைத் திருத்தியது. மதிப்பீட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குப் பதிலாக, முடிவு முன்பே இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் உறுதியாக்கியது. 2021 டிசம்பரில் இன்னும் இறுக்கி, படிப்பைத் தொடங்கும் நாளுக்கு முன்பே இருக்க வேண்டும் என்றது. இதன் நடைமுறைப் பொருள்: உடல்நலக் குறைவு உள்ளவர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வதற்குப் பல மாதங்கள் முன்பாகவே மதிப்பீட்டை முடித்துக்கொள்ள வேண்டும். படிப்பின் நடுவில் நோய்வாய்ப்பட்டவருக்கு இந்த வாசல் கிடையாது.

## இரண்டாவது கேள்வி: எந்தப் பணம் கணக்கில் சேரும்?

தகுதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனித் தொகை. மாணவர் நிதி என்பது ஒரே பணம் அல்ல, பல பைகள். ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு விதி.

கல்விக் கட்டணக் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அது கணக்கில் வராது. வாழ்க்கைச் செலவுக்கான பராமரிப்புக் கடன் கணக்கில் வரும். யூனிவர்சல் கிரெடிட் கோரத் தகுதியுள்ள மாணவர்களின் பராமரிப்புக் கடனுக்குள்ளே 'சிறப்பு ஆதரவு' என்று ஒரு பகுதி இருக்கும். புத்தகம், பயணம், கருவிகள் போன்ற படிப்புச் செலவுக்கானது அது. அந்தப் பகுதி கணக்கில் வராது. மாணவர் நிதி அலுவலகம் அனுப்பும் கடிதத்தில் இது தனி வரியாகவே இருக்கும். அந்த வரியைப் பார்க்காமல் மொத்தத் தொகையைக் கழித்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

பிள்ளை உள்ள மாணவருக்கான குழந்தைப் பராமரிப்பு மானியமும் பெற்றோர் கற்றல் உதவித்தொகையும், மாற்றுத்திறன் மாணவர் உதவித்தொகையும் விட்டுவிடப்படும். தன்னைச் சார்ந்திருக்கும் வயதுவந்தவருக்கான மானியம் மட்டும் சேரும். பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை, மாணவருக்குக் கடனும் இருக்கும்போது, பொதுவாகக் கணக்கில் வராது. ஆனால் அதே பல்கலைக்கழகம் 'வாடகைக்காக' என்று குறிப்பிட்டுக் கொடுத்தால், யூனிவர்சல் கிரெடிட்டும் அதே வாடகைக்குப் பணம் தரும் பட்சத்தில், அது கழிக்கப்படும். பணம் ஒன்றுதான், கடிதத்தில் எழுதிய நோக்கம் கணக்கை மாற்றிவிடுகிறது.

முதுநிலைக் கடன் தனிவகை. கட்டணத்துக்கும் வாழ்க்கைக்கும் சேர்த்தே அது தரப்படுவதால், அதிகபட்சக் கடன் தொகையில் 30 சதவீதத்தை மட்டும் வருமானமாக எடுக்கிறார்கள்.

இப்போது மொத்த விஷயத்தின் கூர்முனைக்கு வருவோம். கணக்கில் எடுப்பது நீங்கள் வாங்கிய கடனை அல்ல. நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய அதிகபட்சக் கடனை.

இதற்கு இரண்டு விளைவுகள். ஒன்று, 'கடன் வேண்டாம், பெனிபிட்டிலேயே சமாளித்துக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியாது. நியாயமான முயற்சி செய்தால் கிடைத்திருக்கும் கடன் உங்கள் கையில் இருப்பதாகவே வைத்துக் கழிப்பார்கள். இரண்டு, துணைவரின் சம்பளத்தையோ பெற்றோரின் வருமானத்தையோ காரணமாகக் காட்டி மாணவர் நிதி அலுவலகம் உங்கள் கடனைக் குறைத்திருந்தாலும், யூனிவர்சல் கிரெடிட் அந்தக் குறைப்பைக் கண்டுகொள்ளாது. ஓர் அலுவலகம் 'உன் வீட்டில் வருமானம் இருக்கிறது, குறைவாகத் தருகிறேன்' என்கிறது. இன்னோர் அலுவலகம் 'உனக்கு முழுதும் கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன்' என்கிறது. நடுவில் காணாமல் போகும் பணத்துக்கு இருவருமே பொறுப்பில்லை. முன்பு வேறொரு படிப்பில் கடன் உரிமையைத் தீர்த்துவிட்டவர், அல்லது குடியிருப்புக் காலம் போதாமல் கடனே கிடைக்காதவர் நிலை வேறு. அவருக்குக் கிடைக்க வழியே இல்லாத கடனைக் கழிக்கக் கூடாது. அதை நிரூபிக்க, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

## ஒரு வீட்டின் கணக்கு

லண்டனுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் முப்பது வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதில் ஒரு பிள்ளை. முழுநேரப் பட்டப்படிப்பில் முதலாண்டு. வாடகை 700 பவுண்டு; வட்டார வரம்புக்குள் இருக்கிறது. வேறு வருமானம் இல்லை.

அவருடைய அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு. பிள்ளைக்கு 292.81. வாடகை 700. கூட்டினால் 1,392.95.

சிறப்பு ஆதரவுப் பகுதியை நீக்கிய பிறகு கணக்கில் வரும் கடன், கணக்கின் எளிமைக்காக, 7,650 பவுண்டு என்று கொள்வோம். இதைப் படிப்பு நடக்கும் மதிப்பீட்டுக் காலங்களால் வகுக்க வேண்டும். மதிப்பீட்டுக் காலம் என்பது யூனிவர்சல் கிரெடிட்டின் சொந்த மாதம். விண்ணப்பித்த நாளைப் பொறுத்து ஒருவருக்கு 10ஆம் தேதி தொடங்கும், இன்னொருவருக்கு 20ஆம் தேதி. இந்தத் தாய்க்கு ஒன்பது காலங்கள் வருகின்றன. 7,650ஐ 9ஆல் வகுத்தால் 850. அதிலிருந்து ஒவ்வொரு காலத்துக்கும் 110 பவுண்டைத் தள்ளுபடி செய்வார்கள். மிச்சம் 740. அது முழுதாகக் கழியும். அக்டோபரில் கைக்கு வருவது 652.95.

வாடகையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து மிச்சமே இல்லை. 47 பவுண்டு துண்டு விழுகிறது. சாப்பாடு, மின்சாரம், பிள்ளையின் காலணி எல்லாம் கடன் பணத்திலிருந்துதான். அந்தக் கடனோ மாதாமாதம் வருவதில்லை. பருவத்துக்கு ஒன்று என மூன்று தவணையாக வருகிறது. கழிவு மட்டும் மாதாமாதம் தவறாமல் நடக்கிறது.

இதையே சம்பளத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். இதே தாய் படிக்காமல் வேலைக்குப் போய் மாதம் 740 பவுண்டு கையில் வாங்குகிறார் என்போம். பிள்ளையும் வாடகைத் தொகையும் இருப்பதால் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். மீதி 329இல் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள்: 180.95. யூனிவர்சல் கிரெடிட் 1,212 பவுண்டு. உழைத்துச் சம்பாதித்த, திருப்பிக் கொடுக்க வேண்டாத 740க்குக் கழிவு 181 பவுண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய 740க்குக் கழிவு 740 பவுண்டு. விதிகளின் மொழியில் கடன் 'உழைக்காமல் வந்த வருமானம்'. சம்பளத்துக்குக் கிடைக்கும் சலுகை அதற்கு இல்லை.

ஆண்டுக் கணக்கில் பார்ப்போம். 740 வீதம் ஒன்பது முறை கழிந்தால் 6,660. அதாவது கணக்கில் வரும் 7,650 பவுண்டு கடனுக்காக 6,660 பவுண்டு உதவியை அவர் இழக்கிறார். மேலதிகமாக மிஞ்சுவது 990 பவுண்டும், கணக்கில் சேராத சிறப்பு ஆதரவுப் பகுதியும்தான். ஆனால் கடன் புத்தகத்தில் முழுத் தொகையும் ஏறும். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டியதும் தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். மிச்சம் 40 ஆண்டு கழித்தே தள்ளுபடியாகும். படிக்காமல் வீட்டிலிருந்தால் உதவியாக வந்திருக்கும் பணம், படிக்கப் போனதால் 40 ஆண்டுக் கடனாக மாறுகிறது. இதைச் சிக்கனம் என்று சொல்வார்கள். பெயர் மாற்றம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

## தேதியில் இருக்கும் 110 பவுண்டு

படிப்பு செப்டம்பர் 25 தொடங்கி, கோடை விடுமுறை ஜூன் 13 தொடங்குகிறது என்று கொள்வோம். விதி இப்படி: தொடக்க நாள் விழும் மதிப்பீட்டுக் காலத்திலிருந்து எண்ண வேண்டும், நீண்ட விடுமுறை தொடங்கும் காலத்துக்கு முந்தைய காலத்தோடு நிறுத்த வேண்டும்.

10ஆம் தேதிக்காரருக்கு எண்ணிக்கை செப்டம்பர் 10இல் தொடங்கும் காலத்திலிருந்து மே 10இல் தொடங்கும் காலம் வரை: ஒன்பது. 20ஆம் தேதிக்காரருக்குச் செப்டம்பர் 25 விழுவது செப்டம்பர் 20 காலத்தில். ஜூன் 13 விழுவது மே 20 காலத்தில். ஆகவே அவருக்கு ஏப்ரல் 20 காலத்தோடு முடிகிறது: எட்டு. அதே 7,650ஐ எட்டால் வகுத்து 110ஐத் தள்ளினால் மாதக் கழிவு 846.25. கைக்கு வருவது 546.70. அவருக்குக் கழிவில்லாத மாதம் ஒன்று கூடுதலாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் 110 பவுண்டுத் தள்ளுபடி ஒரு முறை குறைவதால் ஆண்டு முடிவில் 110 பவுண்டு நட்டம். ஒரே வகுப்பறை, ஒரே கடன், ஒரே வாடகை. என்றோ ஒருநாள் விண்ணப்பித்த தேதி வேறு.

## கோடை மாதங்கள்

நீண்ட விடுமுறையில் மாணவர் வருமானம் பூஜ்யம். நம் 10ஆம் தேதித் தாய்க்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதப் பணம் முழு 1,392.95 ஆக வரும். இதோடு ஒரு நிபந்தனையும் வருகிறது. மாணவர் வருமானம் கழிக்கப்படும் மாதங்களில் வேலை தேடச் சொல்லமாட்டார்கள். அது நின்றதும், பிள்ளையின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்து, விடுமுறை மாதங்களில் வேலை தேடுமாறு கேட்கலாம். பள்ளிக்கும் விடுமுறை, பிள்ளை வீட்டில் என்பதை வேலை ஆலோசகரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்வது தாயின் பொறுப்பு.

## பழைய ஹவுசிங் பெனிபிட்டில் இருப்பவர்கள்

தற்காலிகக் குடியிருப்பில் இருந்துகொண்டு படிப்பவர்களின் வாடகையைக் கவுன்சில் ஹவுசிங் பெனிபிட்டாகத் தருவதால், அங்கே வேறு கணக்கு. கடனை வாரக்கணக்கில் வகுக்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து ஜூன் கடைசி வாரம் வரை. பயணத்துக்கு 303 பவுண்டும் புத்தகத்துக்கு 390 பவுண்டும் ஆண்டுக்கு ஒருமுறை நீக்கி, வாரத்துக்கு 10 பவுண்டு தள்ளுபடி தருகிறார்கள். அதே நபர் அன்றாடச் செலவுக்கு யூனிவர்சல் கிரெடிட்டும் வாங்கக்கூடும். இரண்டு அலுவலகங்களுக்கும் கடன் கடிதத்தைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரியும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கவுன்சில் வரி இதில் சேராது. வீட்டில் உள்ள எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரியே கிடையாது. மாணவரோடு மாணவரல்லாத ஒரே ஒரு பெரியவர் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. இதற்கும் தனி விண்ணப்பம்.

## இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கு

மேலே சொன்ன எதுவும் மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து படிப்பவருக்குப் பொருந்தாது. அந்த விசாவில் 'பொது நிதியை நாடக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் பொது நிதிகள். கூட வந்த துணைவருக்கும் இதே கட்டு. யாரோ சொன்னார்கள் என்று விண்ணப்பித்துவிட்டால் பணம் கிடைக்காமல் போவதைவிட, விசா நிபந்தனையை மீறியது என்பது பெரிய சிக்கல்.

அகதி நிலை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் மாணவர் கடனும் கேட்கலாம், விலக்குகளில் ஒன்றில் வந்தால் யூனிவர்சல் கிரெடிட்டும் கேட்கலாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கு இரண்டும் இல்லை. ஒருவர் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர், மற்றவர் துணைவர் விசாவில் இருப்பவர் என்றால், குடியுரிமை உள்ளவர் தனியாளுக்கான தொகையைக் கோரலாம். ஆனால் துணைவரின் வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும்.

## கணக்கறிக்கையைச் சரிபார்ப்பது

படிப்பு தொடங்கியதை யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அலுவலகத்தின் தவறால் அதிகப் பணம் வந்திருந்தாலும் யூனிவர்சல் கிரெடிட்டில் அதைத் திரும்பப் பிடிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பழைய ஹவுசிங் பெனிபிட்டில், தவறு அலுவலகத்தினுடையது, வாங்கியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்றால் தப்பிக்க வழி இருந்தது. இங்கே அந்த வாதம் எடுபடாது. 'நான்தான் சொல்லிவிட்டேனே' என்பது அதிகமாக வந்த பணத்தைத் திரும்பப் பிடிப்பதை நிறுத்தாது. கருணை கேட்கும் மனுவுக்கு மட்டுமே உதவும்.

அக்டோபர் அறிக்கை வந்த அன்றே நான்கு இடங்களைப் பார்க்கலாம்:

1. மாணவர் நிதிக் கடிதத்தில் உள்ள சிறப்பு ஆதரவுப் பகுதியை நீக்கியிருக்கிறார்களா?

2. கல்விக் கட்டணக் கடனோ குழந்தைப் பராமரிப்பு மானியமோ உள்ளே நுழைந்திருக்கிறதா?

3. எத்தனை மதிப்பீட்டுக் காலங்களால் வகுத்திருக்கிறார்கள்? பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியை வைத்து மேலே சொன்னபடி எண்ணிப் பாருங்கள்.

4. ஒவ்வொரு மாதமும் 110 பவுண்டு தள்ளுபடி இருக்கிறதா?

கோடையில் இன்னொன்று: விடுமுறை தொடங்கிய பிறகும் கழிவு தொடர்கிறதா என்று ஜூலை அறிக்கையில் பார்க்க வேண்டும். தவறு தெரிந்தால், முடிவின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் 'கட்டாய மறுபரிசீலனை' கேட்க வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால் சுயேச்சையான தீர்ப்பாயத்தில் முறையிடலாம், கட்டணம் இல்லை. மறுபரிசீலனை மனுவில் நீண்ட விளக்கம் வேண்டாம். படிப்பின் தொடக்க நாள், விடுமுறை தொடங்கும் நாள், உங்கள் மதிப்பீட்டுக் காலத்தின் முதல் தேதி, கணக்கில் வர வேண்டிய தொகை ஆகிய நான்கையும் எழுதி, மாணவர் நிதிக் கடிதத்தின் படத்தை இணைத்தால் போதும்.